நீல மூடியும் நீலக் குழாயும்

தொழிற்சாலைப் பிளாஸ்டிக் கழிவுகளை உருக்குவதற்காகப் பிரிக்கும் கொட்டகையில், ஒரு டிரம் மூடியும் ஒரு குழாய்த் துண்டும் ஒரே மூட்டைக்குள் கிடந்தன. இரண்டும் நல்ல நீலம்.

"நாம ரெண்டு பேரும் ஒரே இனம்" என்றது மூடி. குழாய்த் துண்டும் நம்பியது. ஒன்றாக உருகி ஒரே வாளியாகிவிடலாம் என்று பேசி வைத்துக்கொண்டன.

மூட்டையைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்கள். மூடி மிதந்தது. குழாய்த் துண்டு மூழ்கப் பார்த்தது. மூடி சட்டென்று அதைத் தன் குழிவுக்குள் ஏந்திக்கொண்டது.

"அவனை இறக்கி விடு" என்றது தண்ணீர்.

"ஏன்? நிறத்தைப் பார்த்தா தெரியலையா?"

"எனக்கு நிறம் தெரியாது. யார் மிதப்பாங்க, யார் மூழ்குவாங்கன்னுதான் தெரியும். மிதக்கிறது ஒரு இனம், மூழ்குறது வேற இனம்."

குழாய்த் துண்டு மெல்ல எட்டிப் பார்த்தது. "நான் இவனோட உலைக்குப் போனா என்ன ஆகும்?"

"அவன் உருகுற சூட்டுல நீ கருகிடுவ. அந்தக் கரி அவனுக்குள்ள புள்ளி புள்ளியாக் கலந்துடும். வாளியில தண்ணி ஊத்தினதுமே விரிசல் விடும்."

"அதெல்லாம் பார்த்துக்கலாம், நீ பேசாம இரு" என்றது மூடி.

குழாய்த் துண்டு மூடியின் பக்கம் திரும்பி, "நீ நல்ல வாளியா வரணும்டா" என்று சொல்லிவிட்டு, விளிம்பைத் தாண்டி உருண்டது.

கீழே என்ன இருக்குமோ என்று பார்த்தபடியே இறங்கியது. தொட்டியின் அடியில் சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு நிறங்களில் துண்டுகள் குவிந்திருந்தன. நீலமாக ஒன்றுகூட இல்லை.

"நீயும் குழாயா?" என்று கேட்டபடி, ஒரு சாம்பல் நிறத் துண்டு நகர்ந்து இடம் கொடுத்தது.