பேட்டரிக்கு மேல் ஒரு பலகை

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டி, கேரியரில் பேட்டரிப் பெட்டியை வைத்துப் போல்ட்டுகளை முடுக்கிய மெக்கானிக், "இனி பாலத்து மேட்டுலயும் மிதிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றார். அருளப்பனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. முட்டி வலிக்கு விடிவு வந்துவிட்டதே!

பக்கத்தில் நின்ற மனைவி தவமணிதான் கேட்டாள். "அப்பம் நான் எங்க உக்கார? உங்க தலையிலயா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேரியர் அவளுடைய இடம். ஆண்கள் இருவருமே அதை மறந்துபோயிருந்தார்கள்.

"கழட்டிரட்டுமா அண்ணாச்சி?"

"கழட்ட வேண்டாம். அதுக்கு மேல ஒரு பலகையப் போடுங்க" என்றாள் தவமணி.

இரும்புக் கால்கள் வைத்துப் பலகை ஏறியது. அவளும் ஏறினாள். பாலத்து மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"தவமணி, இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கேட்டார்.

"இருக்கேன்னு சொல்லுதேன்லா! எத்தன தடவ கேப்பிய?"

"மிதிச்சா உன் கனம் கால்ல தெரியும். இப்பம் ஒண்ணுமே தெரியலயே."

கடைத்தெரு வந்தது. இத்தனை காலமும் சீட்டுக் கம்பியை மட்டுமே பிடித்து வந்தவள், நாலு பேர் பார்க்க, அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருமுக்கும் கடந்து போயிற்று.