இருபத்தேழாம் இலக்கம்

“அந்தா பாருங்கோ, இருபத்தேழு! எங்கட சாரங்கன்!” என்று கத்தியபடி பேரின்பநாதன் வீடியோ கமெராவைக் கண்ணில் வைத்தார். அவர் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியின் அரைவாசிச் சனம் அவருக்குப் பின்னால் மைதானத்துப் படிக்கட்டில் குந்தியிருந்தது. லண்டனில் இருக்கும் தம்பிக்குப் போன கிழமை ஆட்டத்தின் கசெற் ஏற்கெனவே போய்விட்டது.

ஃபுட்போல் என்றுதான் பெயர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்; காலால் ஒருவரும் அதிகம் உதைக்கக் காணோம். முகத்தில் கம்பி போட்ட ஹெல்மெற், சட்டைத் தோளுக்குள் தலையணை, கைகால் தெரியாத உறை, முதுகில் பெயர்கூட இல்லை. பெற்ற தாய்க்கும் இலக்கம்தான் அடையாளம்.

கல்லூரி அணிக்கு ஆள் எடுத்த அன்று, சாரங்கன் வீட்டுக்குள் வந்து வாய் திறப்பதற்குள் தகப்பன் கேக்கை வெட்டிவிட்டார். “இந்த வருசம் கப் எங்களுக்குத்தான்” என்று லிஃப்ற்றில் ஏறியவர், இறங்கியவர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. “நம்பர் என்னடா?” என்று கேட்டபோது, கொஞ்சம் யோசித்துத்தான் பொடியன் இருபத்தேழு என்றான்.

முதல் ஆட்டத்தில் மானம் போகத் தோற்றார்கள். பேரின்பநாதன் பழியைப் புல்லின் மேல் போட்டார். இது இரண்டாவது ஆட்டம். 2004 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. பட்டப்பகலிலேயே மேகம் கறுத்து மைதானத்தின்மேல் தொங்கியது.

“அங்கிள், நம்ம டீம் முழுக்க ஃபர்ஸ்ட் இயர் பசங்க. அவங்கள பாருங்க, ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி இருக்கான். எனக்கு என்னமோ சரியாப் படல” என்றான் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சென்னை மாணவன் ராகவ்.

“வாயைக் கழுவும் தம்பி! கப் அடிக்கப்போற ரீம் இது.”

மனைவி இந்திராதேவி மேகத்தையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் வெளிக்கிடும்போது மகன், “அம்மா, இண்டைக்கு ஒருத்தரும் வரவேண்டாம்” என்று சொன்னதை அவர் கணவருக்குச் சொல்லாமல்தான் வந்திருந்தார்.

இருபத்தேழு பந்தைப் பிடித்த போதெல்லாம் அடி விழுந்தது. விழுந்தான், எழும்பினான், மறுபடி விழுந்தான். சொந்தப் பக்கத்துச் சனமே ஊளையிடத் தொடங்கியது. “எழும்படா! எங்கட மானத்தை வாங்காதை!” என்று தகப்பனும் கூடச் சேர்ந்து கத்தினார்.

இடைவேளையில் இருபத்தேழு தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்து ஹெல்மெற்றில் கை வைத்தான். பேரின்பநாதன் கமெராவோடு எழும்பினார். அதே நேரம் அணியின் சின்னமாகப் பஞ்சுடை மாட்டி ஆடித்திரியும் அந்தப் பெரிய கரடி எங்கிருந்தோ பாய்ந்து வந்து, அவருக்கு நேர் முன்னால் இடுப்பை ஆட்டியது.

“தள்ளடா, விசர்க் கரடி! பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா எடுப்பமெண்டால் விடுறானில்லை. போன முறையும் உதே வேலைதான்!”

“கரடிக்கும் லண்டன் பார்க்க ஆசையாக்கும், அண்ணை” என்றார் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். கரடி விலகியபோது ஹெல்மெற் திரும்பத் தலையில் ஏறியிருந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கி முதல் ஓட்டத்திலேயே எதிரணியில் மூன்று பேர் ஒன்றாய்ப் பாய்ந்தார்கள். மோதின சத்தம் படிக்கட்டுவரை கேட்டது. மூன்று பேரும் எழும்பினார்கள். இருபத்தேழு எழும்பவில்லை.

ஊளை அப்படியே அடங்கியது. முதலுதவிக்காரர் இருவர் ஓடிப்போய்க் குனிந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரும்படி கை காட்டினார்.

“இஞ்சாருங்கோ,” என்றார் இந்திராதேவி மெல்ல. “பிள்ளை அசையேல்லை.”

கமெரா படிக்கட்டில் விழுந்து உடைந்தது. “ஐயோ, எனக்குக் கப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்! நான்தானே அவனை ஏத்திவிட்டனான்!” என்று புலம்பிக்கொண்டு ஓடிய பேரின்பநாதன், மைதானத்துக் கம்பி வேலியில் கால் வைத்தார்.

அந்த நேரத்திலும் ஜெகதீஸ்வரியின் கண் சும்மா இருக்கவில்லை. “அங்காலை ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை குழறிக்கொண்டு ஓடுது. எங்கட பொடியனுக்கு அவ ஏன் அழுறா?”

பேரின்பநாதன் மற்றக் காலையும் வேலியில் தூக்கி வைத்தார். அதற்குள் கரடி வேலியின் உட்புறமாக ஓடிவந்து, மறுபடியும் அவரை மறைத்துக்கொண்டு நின்றது.

“தள்ளடா! என்ர பிள்ளையடா அங்கை கிடக்கிறது!”

கரடி இம்முறை ஆடவில்லை. இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக் கழற்றியது.

“அப்பா, இறங்குங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்.”