மாடல் மேடத்தின் தெரு

"சார், அந்தம்மா கம்ப்யூட்டர்ல தில்லுமுல்லு பண்றாங்க. என் கண்ணால பார்த்தேன்."

தலைமைப் பொறியாளர் நிமிர்ந்தார். "எந்தம்மா?"

"வேற யாரு? நம்ம மாடல் மேடம்தான்."

குடிநீர் அலுவலகத்தில் அந்தப் பெண் பொறியாளருக்கு அப்படித்தான் பெயர். ஏரியில் இருக்கும் தண்ணீர், வெயிலில் வற்றுவது, குழாயில் ஒழுகுவது, ஒவ்வொரு தெருவின் தேவை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போடுவார். மழைக்காலம் வரை எந்தத் தெருவுக்கு எவ்வளவு விடலாம் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். அது மேடத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

புகார் சொன்னவர் அலுவலக மேனேஜர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, பூதக்கண்ணாடி. டம்ளரில் டீ ஒரு விரல்கடை குறைந்தாலும் வழியில் யார் குடித்தது என்று விசாரணை வைக்கிற ஆள்.

ஆனால் இந்த முறை அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. ஏரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வருகிற வாரத்திலிருந்து மாடல் சொல்கிறபடிதான் தண்ணீர். அவர் வீட்டிலோ அம்மா படுத்த படுக்கை. காலையில்தான் மனைவி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தாள்.

"அத்தைக்கு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்தித் துவைக்கறேன்னு தெரியுமா? தண்ணி நின்னுபோச்சுன்னா நான் எங்க போவேன்? ஊருக்கே தண்ணி பங்கு போடற ஆபீஸ்ல இருக்கீங்க. நம்ம தெருவுக்கு என்னன்னு கேட்டுட்டு வர வாய் இல்லையா?"

கேட்கத்தான் போனார். இவர் தலையைக் கண்டதும் மேடம் சட்டென்று திரையை மாற்றிவிட்டார். அது போதாதா பூதக்கண்ணாடிக்கு? மேடம் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து எட்டிப் பார்த்தார். நேரே தலைமைப் பொறியாளரிடம் ஓடிவந்துவிட்டார்.

"எங்க தெருவுக்கு நேரா ஒண்ணு சார். வெறும் ஒண்ணு! அவங்க குடியிருக்கற தெருவுக்கு எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தொன்பது! நூறு போட்டா மாட்டிக்குவோம்னு ஒண்ணே ஒண்ணைக் குறைச்சிருக்காங்க. என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்க!"

தலைமைப் பொறியாளர் இருமினார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. இவரும் கூட்டோ என்று பூதக்கண்ணாடிக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

"நேத்து அவங்க தெருக்காரங்க ரெண்டு பேர் வந்து வராண்டாவுல குசுகுசுன்னு பேசிட்டுப் போனாங்க சார். என்ன பேரமோ யார் கண்டா?"

"முடிவாகற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்கன்னு நான்தான் மேடத்துகிட்ட சொன்னேன். சரி, இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க? மேல விசாரணைக்கு எழுதலாமா?"

பூதக்கண்ணாடி கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கு சார், ஒருத்தங்க வேலையில கை வச்ச பாவம் நமக்கு? அவங்க தெருவுக்கு என்ன நம்பரோ அதையே எங்க தெருவுக்கும் போடச் சொல்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"மத்த தெருவெல்லாம்?"

"அது அவங்கவங்க பாடு சார்."

தலைமைப் பொறியாளர் போனை எடுத்தார். மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் லேப்டாப்போடு வந்தார்.

"மேடம், சாரோட தெருவுக்கும் உங்க தெரு நம்பரையே போடுங்க."

மேடம் திடுக்கிட்டார். "ஐயையோ, வேண்டாம் சார். பாவம், அவர் வீட்ல..."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா? கை வரமாட்டேங்குது!" பூதக்கண்ணாடி துள்ளினார்.

"போடுங்க மேடம். அவரே கேக்கறார்."

மேடம் தயங்கித் தயங்கித் தட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் ஊர் வரைபடம் விரிந்தது. மாடல் ஓடி முடிந்ததும், நீலமாக இருந்த பூதக்கண்ணாடியின் தெரு சிவப்பாகிவிட்டது. ஊரிலேயே இரண்டு தெருக்கள்தான் சிவப்பு. ஒன்று அவருடையது, இன்னொன்று மேடத்துடையது.

"சிவப்புன்னா... நிறையத் தண்ணியா சார்?"

"சிவப்புன்னா, ஏரி வத்தினா முதல்ல குழாய் நிக்கற தெரு." தலைமைப் பொறியாளரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நீங்க பார்த்தது மார்க் இல்ல சார், வரிசை. ஒண்ணுன்னா முதல்ல தண்ணி. தொண்ணூத்தொன்பதுன்னா ஊரெல்லாம் பிடிச்சு மிச்சம் இருந்தாதான். படுக்கையில நோயாளிங்க இருக்கற தெருவுக்குத்தான் முதல் இடம்னு என்கிட்ட சண்டை போட்டு வாங்கினது இவங்க."

பூதக்கண்ணாடி மேடத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப, உங்க தெரு ஏன் மேடம்...?"

"யாராவது கடைசில நிக்கணுமே சார். வேற தெருவைப் போட்டுட்டு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? எங்க தெருக்காரங்க நேத்து வந்து நல்லாத் திட்டினாங்க. திட்டிட்டு, சரின்னுட்டாங்க."

பூதக்கண்ணாடிக்கு அம்மாவின் படுக்கை நினைவுக்கு வந்தது. துணி மூட்டையோடு நிற்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். அடம்பிடித்து வாங்கியதை எந்த வாயால் வேண்டாம் என்பது? கதவை நோக்கி நடந்தார்.

மேடம் பின்னாலேயே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"பயப்படாதீங்க சார். நான் அதை சேவ் பண்ணல."