யாரும் தள்ளக்கூடாது

கொக்கி வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

பரசுராமன் தன் ஜீப்புக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஊற்றினான். சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி மண்ணெண்ணெய். மறுபடி ஒரு தட்டு.

ஜீப்பு பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்தது. அங்கே அந்தக் கொக்கி என்னென்ன இழுத்ததோ தெரியாது. காஞ்சிபுரத்துக்கு வந்தபிறகு அதற்கு வேலையே இல்லை. மேல்கூரையைக் கழற்றி, பூத்தோரணம் கட்டி, கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவதோடு சரி.

டிரெய்லரும் பட்டாளத்துச் சரக்குதான். நசீருதீன் பாயின் பழைய இரும்புக் கடையில் வேலிக்காத்தான் செடிக்குள் கிடந்ததை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ரெண்டு சக்கரம், ஓர் இரும்புத் தொட்டி, முன்னால் நீட்டிய ஏர்க்காலில் ஒரு வளையம். பச்சைப் பெயிண்டு மேலே, துரு உள்ளே.

அந்த வளையம் இந்தக் கொக்கியில் விழுந்துவிட்டால் டிரெய்லர் பரசுராமனுக்கு. விழாவிட்டால் எப்போதும்போல நாலு பேர்தான்.

நாலு பேர் என்றால் ஜெனரேட்டர் தள்ளுகிற நாலு பேர்.

கல்யாண ஊர்வலத்தில் முன்னால் பேண்டு வாத்தியம். நடுவில் ஜீப்பில் மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் தலையில் விளக்கு சுமந்த பெண்கள். எல்லாருக்கும் கடைசியில் ஜெனரேட்டர் வண்டி. அத்தனை விளக்கும் பாவு நூல் மாதிரி ஒயரில் கோத்து அந்த வண்டியில்தான் வந்து முடியும். வண்டி பின்தங்கினால் ஒயர் இழுத்துக்கொள்ளும், வெளிச்சம் போய்விடும். அதனால் தள்ளுகிறவன் நின்று மூச்சு விட முடியாது.

பரசுராமன் அப்படித் தள்ளித் தள்ளியே தோள்பட்டை இறங்கிப்போனவன். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் இந்த ஜீப்பை வாங்கினான். ஓட்டுகிற இடத்துக்கு வந்தும் நிம்மதி இல்லை. பின்னால் தள்ளுகிறவர்களின் இரைப்பு பேண்டு சத்தத்தையும் மீறி அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு பார்ட்டி புதிதாக ஒரு கண்டிஷன் போட்டுவிட்டது.

மாலை, மேளம், சாப்பாடு எதைப் பற்றியும் பேச்சில்லை. எனக்குப் பின்னாடி ஒரு மனுசன் மூச்சு வாங்கிக்கினு வரக்கூடாது, யாரும் தள்ளாத வண்டியைக் கொண்டாந்து நிறுத்து, அப்புறம் தேதியைப் பேசலாம். அவ்வளவுதான். முடிந்தது பேச்சு.

நசீருதீன் பாய் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தேதியே சொல்லாத பார்ட்டிக்கா டிரெய்லர் வாங்க வந்துக்கிற? யாருப்பா அது, ஆற்காட்டு நவாப் வூட்டுப் பொண்ணா?"

"நவாப் வூட்டுப் பொண்ணா இருந்தாக்கூட சமாளிச்சிடலாம் பாய்," என்றான் பழனி. இவன் அந்த நாலு பேரில் ஒருவன்.

பரசுராமன் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டான்.

கொக்கி வாயைப் பிளந்தது.

மூன்று பேருமாக ஏர்க்காலைத் தூக்கினார்கள். வளையம் 'ளொட்' என்று உள்ளே விழுந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி. பட்டாளத்தைவிட்டு வந்தபிறகு ரெண்டும் இங்கேதான் ஒன்றையொன்று பார்த்திருக்கும்.

பரசுராமன் ஏறி வண்டியைக் கிளப்பினான். ஜீப்பு நகர்ந்தது. டிரெய்லரும் நகர்ந்தது.

திரும்பிப் பார்த்தால், பழனி டிரெய்லருக்குத் தோள் கொடுத்து, தலையைக் குனிந்து, முழுமூச்சாய்த் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறான்.

"யோவ், வுடுய்யா! அது தானா வருதுய்யா!" என்று கத்தினார் பாய்.

பழனி நின்றான். டிரெய்லர் அவனை விட்டுவிட்டுப் போனது. அவன் தன் ரெண்டு கையையும் பார்த்தான். பிறகு பெருஞ்சிரிப்புச் சிரித்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே தாவி, மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மூங்கில் மண்டபம் தாண்டும்வரை தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான்.

பரசுராமன் காதைப் பின்னாலேயே வைத்து ஓட்டினான். ஸ்பீடு பிரேக்கர் வந்தபோதெல்லாம் பழக்கத்தில் தோள் முறுக்கிக்கொண்டது. பின்னால் இரும்பு குலுங்குகிற சத்தம் கேட்டது. மூச்சு இரைக்கிற சத்தம் இல்லை.

செவிலிமேட்டில் ஜெனரேட்டர் நிற்கிற கொட்டகை வாசலில் எல்லம்மாள் உட்கார்ந்து விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர்வலத்தில் விளக்கு சுமக்கிறவர்களில் அவள்தான் கடைசி ஆள். அவளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிதான். பரசுராமன் தள்ளிய காலமெல்லாம் அவன் மூச்சு அவள் முதுகில்தான் பட்டது. ஊரார் கல்யாணங்களுக்கு வெளிச்சம் காட்டியே ரெண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

அவள் எழுந்து வந்தாள். டிரெய்லரைச் சுற்றி வந்து டயரைக் காலால் எட்டி உதைத்தாள். வளையத்தைப் பிடித்து உலுக்கினாள். அது அசையவில்லை.

"இந்தப் பச்சை வாணாம். அரக்கு அடி," என்றாள்.

"சரி."

சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுத்து உதறினாள். ஜீப்பில் மாப்பிள்ளைகள் உட்காருகிற சீட்டையும் அதற்குப் பக்கத்து சீட்டையும் அழுத்தித் துடைத்தாள்.

"நாளு பாருய்யா."