டாக்டர் கையெழுத்து

கார்த்தியாயனி பிழைத்துவிட்டாள் என்று நர்ஸ் ரோசம்மா சொன்னதும் டாக்டர் சாக்குண்ணியின் முகம் கறுத்தது.

"எப்படிப் பிழைப்பா? என் கையாலதானே கொன்னேன்."

"மெல்லப் பேசுங்க டாக்டரே. வெளியில பேஷண்ட் எல்லாம் இருக்காங்க."

டாக்டர் நேரே எதிர்ப்புற மருந்துக் கடைக்குப் போனார்.

"டேய் பைலி, அவளுக்கு என்னடா குடுத்தே?"

"கஷாயம் டாக்டரே. குடிச்சதும் எழுந்து உக்காந்துட்டா."

"கஷாயமா? யாரைக் கேட்டுக் குடுத்தே?"

பைலி தலையைச் சொறிந்தான்.

"உங்க கையெழுத்து அச்சகத்துல யாருக்குப் புரியுது? வாராவாரம் உங்க தொடர்கதையை நான்தானே படிச்சுச் சொல்றேன். அவ செத்தா சோறு கிடையாதுன்னு எங்க அம்மா சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம்."

"மாப்பிள்ளை யாருடா?"

"மருந்துக் கடை வெச்சிருக்கான் டாக்டரே. நல்ல பையன்."