எது நடுக்கம், எது பயம்

“மனசு படபடன்னு அடிச்சுக்குதாங்க ஐயா?” என்று கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். “ஆயுசு பூரா ரயில் ஓட்டின மனுஷன்மா. இவருக்காவது, பயமாவது!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பார்க்கின்சன் நோய் முகத்தை இறுக்கிவிட்டிருந்தது. சந்தோஷம், துக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே முகம்தான்.

இந்த நோயாளிகளின் மனப்பதற்றத்தை அளந்து டாக்டரிடம் சொல்வது என் வேலை. லேசான காரியமில்லை. கை நடுங்குவதும் வியர்த்துக் கொட்டுவதும் நோயாலும் வரும், பயத்தாலும் வரும். உடம்பை நம்ப முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூக்கம் எப்படி?

“படுத்தா கும்பகர்ணன்.”

தனியாக இருப்பாரா?

“எங்க! ஒரு நிமிஷம் என்னை விட்டு நகர மாட்டார். குழந்தை மாதிரி பின்னாடியே வருவார்.”

பொதுவாக இவர்களுக்கு வருகிற பயம்தான். விழுந்துவிடுவோமோ, தூக்கிவிட ஆள் இருக்காதோ என்ற பயம். அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“அம்மா, ஐயாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா? வெளிய வலது பக்கம் இருக்கு.”

உற்சாகமாக எழுந்து போனார்.

கதவு மூடியதும் அவருடைய கை தொடையில் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. காலும் சேர்ந்துகொண்டது. நெற்றியெல்லாம் வியர்வை. மருந்தின் வேகம் குறைகிறது போல என்று நினைத்தேன்.

நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அவளைத் தனியா... அனுப்பாதீங்கம்மா.”

“இதோ, இப்ப வந்துடுவாங்க ஐயா.”

அவர் கண்ணை மூடி மூச்சைத் திரட்டிக்கொண்டார்.

“அவளுக்கு... திரும்பி வரத் தெரியாது.”

வெளியே ஓடினேன். தண்ணீர்க் குழாய் அருகே யாருமில்லை. மாடிப்படியிலும் இல்லை.

கீழே, மருந்து வாங்கக் காத்திருப்பவர்களின் பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் முன்பின் அறியாத ஒரு முதியவர் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, மறு கையால் தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

“மெதுவாக் குடிங்க. நான்தான் கூடவே இருக்கேனே.”