மூன்று நொடி

தொழிற்சாலைக் கன்வேயரில் ஞானசுந்தரத்தின் கை சிக்கியதும் அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உடனே அழுத்தியதாகத்தான் மரியபுஷ்பம் விசாரணையில் சொன்னாள். பதிவு வேறு மாதிரி சொன்னது. கேமரா கணினியில் பதிவான கை சிக்கிய நேரத்துக்கும், பொத்தான் கணினியில் பதிவான அவள் அழுத்திய நேரத்துக்கும் நடுவே மூன்று நொடி இருந்தது. அந்த மூன்று நொடியில்தான் நான்கு விரல்கள் போயின என்று முடிவு கட்டினார்கள். "அப்படி என்னத்தப் பராக்குப் பாத்துக்கிட்டு நின்ன?" என்று ஞானசுந்தரத்தின் மனைவி ஆஸ்பத்திரியில் வைத்தே கேட்டுவிட்டாள்.

கணினிகளின் கடிகாரங்களைச் சோதிக்க வெளியிலிருந்து வந்த பொறியாளர் அதியன் மரியபுஷ்பத்திடம், "எல்லாக் கணினியும் ஒரே நெட்வொர்க்கில இருக்கும்மா. ஒண்ணை ஒண்ணு நேரம் கேட்டுத் தானாவே சரிபண்ணிக்கும். ஆயிரத்துல ஒரு நொடிகூட வித்தியாசம் இல்ல" என்றான்.

"இன்னைக்கு இல்ல சார். அன்னைக்கு?"

பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னைக்குக் காலையில பொத்தான் கணினி நெட்வொர்க்கில இல்ல. அதோட கடிகாரம் மூணு நொடி கூடுதலா ஓடியிருக்கு. விபத்து நடந்து அரைமணி நேரத்துல யாரோ கையால பின்னாடி தள்ளி வெச்சிருக்காங்க."

"அப்போ நான் உடனேதான் அழுத்தியிருக்கேன்."

அவன் பதில் சொல்வதற்குள் மேலாளர் உள்ளே வந்தார். அதியன் சட்டென்று திரையை மூடினான். இவனும் நிர்வாகத்தின் ஆள்தானோ என்று மரியபுஷ்பத்துக்குச் சந்தேகம் வந்தது.

"என்ன, எல்லாம் சரியா இருக்கா?"

"கடிகாரத்தைத் தள்ளி வெச்சது யாருன்னு பாத்துக்கிட்டிருக்கோம் சார்" என்றாள் அவளே.

எந்தக் கடிகாரம் என்று மேலாளர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றார்.